ஒரே ஒரு ஹால்

ஐஸ் தண்ணீரில் காலையிலிருந்து ஊறியதில் கன்னியம்மாவின் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. காசிமேட்டு இறால் கொட்டகையில் வரிசையாகக் குந்தியிருந்த பெண்களுக்கு நடுவே அவளும் தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் எல்சி வந்து நின்றதும் தட்டைப் பக்கத்தில் இருந்தவளிடம் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"மீட்டிங்கு இன்னிக்கா? கை நாறுதும்மா."

"நாறட்டும்க்கா. அங்க வர்றவங்களும் மீன் சாப்புடறவங்கதான்."

எல்சி ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்பவள். ராயபுரத்தில் மூடிக் கிடந்த பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றை வீடில்லாதவர்கள் தங்கும் விடுதியாக்கப் போகிறார்கள். அது எப்படி இருக்க வேண்டும் என்று தெருவில் படுத்தவர்களிடமே கேட்போம் என்று ஆலோசனைக் குழு ஒன்று போட்டிருந்தார்கள். கன்னியம்மாவின் பெயரைக் கொடுத்தது எல்சிதான். குழுவில் இக்னேஷியஸும் இருந்தார். ரயில் நிலைய வாசலில் பல வருஷம் படுத்துக் கிடந்தவர். இப்போது ஒரு கிடங்கில் வாட்ச்மேன்.

கன்னியம்மா ஒத்துக்கொண்டது மகள் ஜெயஸ்ரீக்காக. புருஷன் செத்த பிறகு துறைமுகத்தின் நெடுஞ்சுவரை ஒட்டிய நடைபாதையில்தான் தாயும் மகளும் இருந்தார்கள். ஜெயஸ்ரீ பெரியவளானதிலிருந்து கன்னியம்மாவுக்கு உறக்கம் என்பதே இல்லை. பக்கத்துப் படுதாவில் இருந்த ஷரீஃபுன்னிசாவும் அவள் மகன் ஜிலானியும்தான் காவல். ஜிலானிக்கு மீசை தாடியெல்லாம் வந்துவிட்டது, புத்தி மட்டும் சிறு பிள்ளை வயதோடு நின்றுவிட்டது. அடிக்கடி வலிப்பு வேறு. சாலைப் பக்கம் அவன் குறுக்கே படுத்துக்கொள்வான். அவனைத் தாண்டி ஒருத்தனும் உள்ளே கால் வைத்ததில்லை.

முதல் கூட்டத்தில் டீயும் பிஸ்கட்டும் வந்தன. மாநகராட்சிப் பொறியாளர் லட்சுமணன், "சங்கடப்படாம சொல்லுங்கம்மா, நாங்க கேக்கத்தான் வந்திருக்கோம்" என்றார். தணிந்த குரல்காரர். சொன்ன சொல்லுக்கு ஏற்ப எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளவும் செய்தார்.

"குளிக்கிற ரூமுக்கு உள்பக்கமா தாப்பா வையுங்க சார். வெளியால வச்சா எவனாச்சும் பூட்டிட்டுப் பூடுவான்" என்றாள் கன்னியம்மா. "அப்புறம், மீன் ஏலம் எடுக்கப் போறவங்க கருக்கல்லயே கெளம்பணும். அப்ப கேட்டு பூட்டியிருந்தா பொழப்பு போச்சு."

இரண்டுக்கும் அவர் தலையசைத்தார். அன்று மாலை அவள் ஷரீஃபுன்னிசாவிடம், "யக்கா, நம்ம ரெண்டு குடும்பமும் ஒரே மூலைல போட்டுக்கலாம். ஜிலானிக்கு ஜன்னல் பக்கம்" என்றாள். ஜிலானி மறுநாள் முழுக்க, "ஜன்னலு, ஜன்னலு" என்று சொல்லிக்கொண்டே திரிந்தான்.

கட்டட வேலை பாதி முடிந்த சமயத்தில் லட்சுமணன் எல்லோரையும் மறுபடி கூப்பிட்டார். மேல்மாடி வேறு ஒரு துறைக்குப் போய்விட்டது, கீழே ஒரு ஹால்தான் மிச்சம் என்றார்.

"ஆம்பளைங்களுக்கா, பொம்பளைங்களுக்கா? நீங்களே முடிவு பண்ணுங்க. உங்க வாயால வந்தாதான் மரியாதை."

இக்னேஷியஸுக்கு முகம் சிவந்தது. "ஸ்டேஷனாண்ட மழைல கெடந்து செத்தவனெல்லாம் ஆம்பள சார். காலைல போயி எழுப்பனா கட்டையா கெடப்பான். அவனுக்கு யாரு கீறா?"

"ரெண்டு பேருக்கும் கொடுக்க எனக்கு மட்டும் ஆசை இல்லையா?" என்றார் லட்சுமணன். பிறகு கன்னியம்மா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

"சார், ஒரு புள்ள கீறான். ஆளு பெரியவன், மனசு கொழந்த. அவன மட்டும் அம்மாகூட வுடலாமா?"

"ஒருத்தனை விட்டா நாளைக்கு இன்னொருத்தி வந்து கேப்பா. உங்க பொண்ணு படுக்கற ஹாலும்மா அது. நல்லா யோசிச்சு சொல்லுங்க."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். டீ ஆறி ஆடை படிந்துவிட்டிருந்தது. கன்னியம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"பொம்பளைங்களுக்கே இருக்கட்டும் சார்."

இக்னேஷியஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை.

கன்னியம்மா நடைபாதைக்குத் திரும்பியபோது ஷரீஃபுன்னிசா அடுப்பில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே நடந்ததைச் சொல்லி முடித்தாள் கன்னியம்மா. ஷரீஃபுன்னிசா கிண்டுவதை நிறுத்தவில்லை.

"நீ இன்னா பண்ணுவே? பொண்ண வச்சிகினு கீறே. போ. நாங்க எங்க போயிடப் போறோம், இங்கியேதான் கீறோம். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வந்து பாரு."

"கோவமாக்கா?"

"கோவம் எதுக்கு? அவங்கிட்டதான் சொல்ல முடில. ஜன்னலு கேக்கறான்."

திறப்பு விழா நாளன்று பள்ளிக்கூட வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். எல்சி வாங்கிக் கொடுத்த சேலையில் கன்னியம்மா முன்வரிசை நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். ஜெயஸ்ரீ உள்ளே போய்க் குளியலறைக் கதவைச் சாத்துவதும் தாழ்ப்பாளைப் போடுவதும் திறப்பதுமாக இருந்தாள். அந்தச் சத்தம் வெளியே வரைக்கும் கேட்டது. கன்னியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் நடைபாதையிலிருந்து ஒருத்தி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "யக்கா, லாரி வந்துகீது. அல்லாத்தியும் அள்ளிப் போடறாங்க."

கன்னியம்மா எழுந்து ஓடினாள். தெரு திரும்பினால் துறைமுகச் சுவர். படுதாக்கள், பானைகள், கிழிந்த பாய்கள் எல்லாம் லாரிக்குள் ஏறிக்கொண்டிருந்தன. யாரும் யாரையும் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. வேலையை நடத்திக்கொண்டிருந்த மேஸ்திரி சாவகாசமாகவே சொன்னார்.

"அதான் விடுதி தொறந்தாச்சே. இனிமே யாரும் ரோட்ல படுக்கத் தேவையில்லைன்னு ஆர்டர். உங்காளுங்க கமிட்டியே உக்காந்து பேசி முடிவு பண்ணதாமே."

"நான் அப்டி சொல்லலீங்க" என்றாள் கன்னியம்மா. அவர் அடுத்த மூட்டையைப் பார்க்கப் போய்விட்டார்.

ஷரீஃபுன்னிசா எதிர்ப்பக்கம் ஒரு துணி மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். கையில் ஜிலானியின் மாத்திரைப் பை இருந்தது.

"யக்கா, நான் போயி சார்கிட்ட பேசறேன். எல்சிகிட்ட சொல்றேன். நீ இங்கியே இரு."

"எங்க இருக்கறது?" என்றாள் ஷரீஃபுன்னிசா. கேள்வியில் சூடே இல்லை. உண்மையிலேயே இடம் தெரியாமல் கேட்டதுபோல் இருந்தது.

பந்தலிலிருந்து ஒலிபெருக்கி கரகரத்தது. "அடுத்ததாக, ஆலோசனைக் குழு உறுப்பினர் திருமதி கன்னியம்மா அவர்களை மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்."

"போ கன்னி. உன் பேர கூப்புடறாங்க பாரு."

கன்னியம்மா போகவில்லை. லாரி காலி செய்துவிட்ட பக்கத்திலிருந்து ஒரு ஆள் வாளியும் நீளமான மட்டையுமாகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டே வந்தான். அடுப்புக் கரியும், ஆணி அடித்த இடங்களும், எண்ணெய்த் தலை சாய்ந்த கறைகளும் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள் போயின. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஜிலானியிடம் வந்ததும், "தம்பி, எந்திரிப்பா" என்றான். ஜிலானி அவனை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். எழுந்திருக்கவில்லை.  அந்த ஆள் மட்டையை வாளியில் முக்கியெடுத்து, அவன் தோளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், தலைக்கு மேலும் அடித்துவிட்டு, அடுத்த இடத்துக்கு நகர்ந்தான்.