யூஜினா டீச்சரின் மப்ளர்

1

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதையே அல்ல. தரம் நான்கு பிள்ளைகளுக்கான கைந்நூல் ஒன்றுக்கு, 'புலன் உறுப்புகளும் அவற்றின் பராமரிப்பும்' என்று அரைப் பக்கம் கேட்டிருந்தார்கள். காதில் ஊசி, குச்சி விடக்கூடாது. காய்ச்சிய எண்ணெய் ஊற்றக்கூடாது. மங்கிய வெளிச்சத்தில் படிக்கக்கூடாது. (இத்தனை 'கூடாது'களைப் படித்து எந்தப் பிள்ளை திருந்தியது?) நான்காவதாக, 'குளிர்காலத்தில் காதையும் வாயையும் கம்பளியால் நன்றாக மூடிக்கொள்ளுங்கள்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன். அந்தக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு யூஜினா டீச்சர் உள்ளே வந்து நின்றுவிட்டார். கைந்நூல் அப்படியே கிடக்கிறது.

2

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன்.

'உடப்புசல்லாவை மலைகளை மூடுபனி —' வேண்டாம். பனி இல்லாத மலையகக் கதை ஒன்றாவது இருக்கட்டும்.

'யூஜினா நல்ல ஆசிரியை.' உண்மைதான். ஆனால் இப்படித் தொடங்கினால் அடுத்த வரியிலேயே 'ஆனால்' என்று எழுதவேண்டி வரும்.

'யூஜினாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது.' இதுதான் சரி, வந்த வினையெல்லாம் இதிலிருந்துதான். அவர் கீழே, குளிர் குறைந்த கொத்மலைக்காரர். உடப்புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலைக்கு நியமனம் கிடைத்து வந்தவர். ஜூன் மாதக் காற்று தொடங்கிய நாளிலிருந்து காது, மூக்கு, வாய் எல்லாவற்றையும் சாம்பல் நிற மப்ளரால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் பாடம் நடத்தினார். யார் குறை சொல்ல முடியும்? அந்தக் காற்றில் நானும் கட்டியிருப்பேன்.

3

அந்தப் பாடசாலை ஒரே நீள மண்டபம். தரம் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் சுவர் கிடையாது, ஒரு கரும்பலகைதான். அன்றைய பாடம் காது. டீச்சர் பிள்ளைகளைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, பின்னாலிருந்து ஒவ்வொரு பெயராக மெதுவாகக் கூப்பிட்டார். பெயர் கேட்டவர் கை தூக்க வேண்டும். எல்லாரும் தூக்கினார்கள், நிஷாந்தியைத் தவிர.

"நிஷாந்தி!" மூன்றாம் தடவை.

பக்கத்தில் நின்ற மிலான் அவளை இடித்தான். "வேணும்னே நிக்கிறா டீச்சர்."

டீச்சரும் அப்படித்தான் நினைத்தார். ஜூன் வரைக்கும் முன்வரிசையில் துருதுருவென்று இருந்த பிள்ளை. இரண்டு மாதமாகக் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை, சொன்ன வேலை நடப்பதில்லை. பின்வரிசைக்கு மாற்றியாயிற்று. போன வாரம் கொப்பியில் சிவப்பு மையால் எழுதி வீட்டுக்கு அனுப்பியும் ஆயிற்று: 'பிடிவாதம் அதிகம். கண்டிக்கவும்.'

(இந்த இடத்தில் எனக்கே நிஷாந்திமேல் சந்தேகம் வந்தது. காது சரியாகக் கேட்காததை ஒன்பது வயதுவரை ஒரு பிள்ளை மறைக்க முடியுமா? பிறகுதான் புரிந்தது, அவள் எதையும் மறைக்கவில்லை. எல்லாரும் தன்னைப் போலவே வாயைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.)

4

பத்து மணிக்குப் பிளேன்டீ குடிக்க டீச்சர் மப்ளரை அவிழ்த்தார். தரம் மூன்று ஏழாம் வாய்ப்பாட்டைக் கூரை பறக்கக் கத்திக்கொண்டிருந்தது. காற்றில் கதவு படார் படாரென்று அடித்தது.

"யாராவது அந்தக் கதவச் சாத்துங்க."

முன்வரிசைக்கே கேட்கவில்லை. பின்வரிசையிலிருந்து நிஷாந்தி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

டீச்சர் அவளையே பார்த்தார். பிறகு குரலே எழுப்பாமல், உதட்டை மட்டும் அசைத்தார்: "ஒங்க அம்மா பேரு என்ன?"

"நாகலெட்சுமிங்க டீச்சர்." இரண்டு மாதத்தில் அன்றுதான் பிள்ளை சிரித்தாள்.

யூஜினாவின் கையிலிருந்த தேநீர் நடுங்கிச் — (இல்லை, சிந்தவில்லை. சிந்தினால் அது சினிமா.) குடித்தார், சுவை தெரியவில்லை. மடியில் மப்ளர் கிடந்தது. ஜூன் மாதம், மப்ளர், பின்வரிசை, சிவப்பு மை. யாரும் எடுத்துச் சொல்லாமலே அவருக்கு விளங்கிவிட்டது. வெட்கமாக இருந்தது.

5

அன்றைக்கே நாகலெட்சுமி வந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து நேராக. அவள் படியேறுவதைக் கண்டதும் டீச்சரின் கை தானாக மப்ளரை மறுபடி சுற்றிக்கொண்டது. இந்தத் தடவை குளிருக்காக அல்ல.

"அரைப்பேரோட எறங்கி வந்துட்டேங்க டீச்சர்." (அரை நாள் வேலையோடு என்று அர்த்தம்.) "நீங்க எழுதிவிட்டத பக்கத்து வீட்டுல வாசிச்சுச் சொன்னாங்க. விடுவேனா? காதோட சேத்து ரெண்டு வச்சேன். இன்னமும் அடங்கலைன்னா சொல்லுங்க, நான் பாத்துக்கிறேன்."

கைந்நூலில் நான் எழுத மறந்த 'கூடாது' இதுதான்.

நிஷாந்தி அம்மாவின் வாயைப் பார்த்தாள். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினாள். அங்கே மப்ளர்தான் தெரிந்தது.

6

முடிவு ஒன்று. நுவரெலியாவில் டாக்டர் அவள் காதிலிருந்து ஒரு கட்டி அழுக்கை எடுக்கிறார். வெளியே வந்ததும் பிள்ளைக்குக் குருவிச் சத்தம் கேட்கிறது. எழுதிப் பார்த்துக் கிழித்தேன். அதில் டீச்சர் சுலபமாகத் தப்பித்துவிடுகிறார்.

முடிவு இரண்டு. "பிள்ளைக்குக் காதுல கொறை இருக்கும்மா, ஆஸ்பத்திரியில காட்டுங்க." இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. வைத்தியமும் கிடைக்கும். சிவப்பு மையைப் பற்றி மட்டும் யாரும் பேசமாட்டார்கள். நாகலெட்சுமி தன் கையைத்தான் நொந்துகொள்வாள்.

முடிவு மூன்றை நான் எழுதப்போவதில்லை. அந்தச் சிவப்பு மையைப் பற்றி யூஜினா சொல்லவேண்டிய வாக்கியம் எனக்குத் தெரியும்; இவ்வளவு தூரம் வந்த உங்களுக்கும் தெரியும். அவர் கை மப்ளரின் முடிச்சில் இருக்கிறது. கைந்நூலின் நான்காவது வரியில் 'வாயையும்' என்பதை அடித்துவிட்டேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

மிச்சத்தை யூஜினாவுக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்வதுதான் என்றாலும், மப்ளரை முழுசாக அவிழ்த்துவிட்டு, நிஷாந்திக்கும் உங்கள் வாய் தெரிகிற மாதிரி நின்று சொல்லுங்கள்.