பச்சைத் துணிக்கு அடியில்

எங்கள் சந்து முனையில் உள்ள கலைக்கூடத்தில் தமார் என்ற பையனின் நிகழ்ச்சி. அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் அழைப்பு, முடிந்ததும் சாப்பாடும் உண்டு. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அசல் பாடையாகவே மூங்கிலில் செய்திருந்தான். உள்ளே ஆன்லைனில் சாமான் வந்த வெற்று அட்டைப்பெட்டிகள், மேலே பச்சைத் துணி. நாலு நண்பர்கள் அதைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்து, கை ஓயும்வரை நிற்பார்கள். வாங்கிக் குவித்தே சாகிறோம் என்பதுதான் கருத்தாம். நான் கொட்டாவியை அடக்கிக்கொண்டேன்.

அம்மா செருப்பைக் கழற்றினாள்.

எங்கள் யோக்யா ஊரில் பாடை வீட்டைவிட்டுக் கிளம்புமுன் அப்படித்தான் தூக்கிப் பிடிப்பார்கள். பிள்ளைகளும் தம்பி தங்கைகளும் அதனடியில் மூன்று முறை குனிந்து கடக்க வேண்டும். கடந்துவிட்டால், போனவர் போனவர்தான். பெற்றவர்கள் கடப்பதில்லை.

அண்ணன் வஸ்கித்தோ கல்லூரியில் படிக்கும்போது ஜகார்த்தாவில் மாணவர் போராட்ட ஊர்வலத்துக்குப் போய்த் திரும்பாதவன். உடல் கிடைக்கவில்லை, அதனால் பாடையும் இல்லை. இன்றுவரை ராத்திரிச் சாப்பாட்டுக்கு அம்மா அவனுக்கும் தட்டு வைக்கிறாள். அவன் இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அப்படிப்பட்ட அம்மாதான் குனிந்து பாடைக்கு அடியில் போனாள். பார்க்க வந்தவர்கள் இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி வரிசையில் நுழைந்தார்கள். அம்மா ஓரமாக நின்று, சாவு வீட்டில் வந்தவர்களுக்குச் செய்வதுபோல, ஒவ்வொருவருக்கும் நெஞ்சில் கை வைத்துத் தலை தாழ்த்தினாள். இவ்வளவு பேர் வந்திருக்கிறார்களே என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம்.

தமார் என் காதருகே வந்தான்.

“உங்க அம்மா பிரமாதமா பண்றாங்கக்கா. முன்னாடியே சொல்லிக் குடுத்தீங்களா?”

அறைந்திருப்பேன். அதற்குள் அம்மா கூப்பிட்டாள்.

“நிங், நீ போ. எனக்கு இது முறையில்லம்மா, யாரும் போகலையேன்னுதான் போனேன். உங்கண்ணன இன்னும் காக்க வைக்காத.”

பாடைக்கு முன்னால் போய் நின்றேன். துணி விலகிய இடத்தில் பெட்டியின் ஒட்டுநாடா தெரிந்தது. வெறும் அட்டைப்பெட்டிகள். இத்தனை வருஷமாக அம்மாவுக்குப் புத்தி சொன்னவள் நான், எனக்கு முட்டி மடங்கவில்லை. பயமாக இருந்தது. நான் நின்றுகொண்டே இருக்க, அவர்களுக்குக் கை ஓய்ந்து பாடை தரைக்கு வந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அங்கே கொடுத்த சாப்பாட்டை அம்மா தொடவில்லை. வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். இரண்டு தட்டுகள் எடுத்து வைத்தாள். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு.

நான் எழுந்து போய் இன்னொரு தட்டை எடுத்து வந்து அண்ணன் இடத்தில் வைத்தேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். எங்கள் இருவருக்கும் சோறு போட்டுவிட்டுச் சட்டியை மூடினாள்.