தனித்தேர்வர் மாரிக்கனி

"பெட்டிக்குள்ள தண்ணி நிக்கிது, தொடைக்கணும். எல்லாரும் வெளிய போயி ஒரு வாய் டீயக் குடிச்சிட்டு வாங்க" என்று பெண்களை எழுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினான் மூத்தவன் விஜயபாண்டி.

அழுது களைத்தவர்களுக்கு டீ என்றதும் எழுந்துபோகச் சௌகரியமாக இருந்தது. இளையவன் மொக்கையன் குளிர்ப்பெட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்தான். உள்ளே இவர்களைப் பெற்ற மாரிக்கனி கிடந்தாள். நேற்றுக் காலை உளுந்துக் காட்டில் களை பறித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். வயது ஐம்பத்து நான்கு. கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு, கைப் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு.

மகள் நாகஜோதியும் எழுந்தாள்.

"நீ இரு தாயி. நீயும் ஒரு வாரிசுதான. பின்னாடி ஒரு பேச்சு வந்துறக் கூடாது" என்றான் மூத்தவன். நேற்று இரவு குடித்ததன் புளித்த வாடை அவன் பேச்சோடு சேர்ந்து வந்தது.

தண்ணீர் துடைக்கத் துணி ஒன்றும் அவன் கையில் இல்லை. சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு பத்திரத்தை எடுத்து உதறி விரித்தான். அப்போதுதான் பின்வாசல் வழியாக ஒரு ஆள் வந்து நின்றதை நாகஜோதி பார்த்தாள். சோலார் கம்பெனிக்கு நிலம் பிடித்துக்கொடுக்கும் தரகர். ஆறு மாதமாக இந்த வீட்டுக்கு நடக்கிறார். வந்தபோதெல்லாம் மாரிக்கனி அவருக்கு மோர் கொடுத்து, "நெலம் குடுக்கிறதுக்கில்ல, மோரு வேணும்னா இன்னொரு செம்பு குடிங்க" என்று அனுப்பிவைத்தாள். இன்று மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"என்னண்ணே இது?"

"ஒப்பந்தம். போன மாசத் தேதி போட்டிருக்கு. ஆத்தா உசுரோட இருக்கையிலயே பரளச்சிக் கரிசக்காட்டக் குடுக்கச் சம்மதிச்சிருச்சு, அவ்வளவுதான்."

"எப்பச் சம்மதிச்சுச்சு?"

"இந்தா, இப்பச் சம்மதிக்கப் போகுது" என்று சொல்லிவிட்டு மொக்கையன் சிரித்தான். சிரித்த பிறகு, சிரித்திருக்க வேண்டாமோ என்று அண்ணன் முகத்தைப் பார்த்தான்.

நாகஜோதி வாயைத் திறந்தாள். வெளியே இருக்கிற அத்தனை சனத்தையும் கூப்பிடுகிற சத்தம் நெஞ்சு வரை வந்துவிட்டது. அந்த நேரத்தில் தரகர் கைக்குட்டையை விலக்கிக்கொண்டு கேட்டார்.

"அம்மா கைநாட்டுத்தான பாண்டி? நல்லா யோசிச்சுச் சொல்லு. கையெழுத்துப் போடுற ஆளுன்னா இந்தத் தாளு எந்த ஆபீசுலயும் நிக்காது. நானும் சேந்து மாட்டுவேன்."

"எங்க ஆத்தாவா? நல்லாக் கேட்டீங்க. பஸ்ஸு போர்டே படிக்கத் தெரியாதுங்க. திருச்சுழிக்குப் போகணும்னா பந்தல்குடி பஸ்ஸுல ஏறி ஒக்காந்திருக்கும்."

நெஞ்சு வரை வந்த சத்தம் அங்கேயே நின்றது.

மூன்று வருசமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் மாரிக்கனி அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினாள். "மகளப் பாத்துட்டு வாரேன்" என்றுதான் மகன்களிடம் சொல்வது. மகளைப் பார்க்கத்தான் வந்தாள். பார்த்து, ஒரு வாய் சாப்பிட்டு, மகள் குடியிருக்கும் தெருவுக்கு அடுத்த தெருவில் பெரியவர்களுக்கு நடக்கிற வகுப்புக்குப் போனாள். அகரத்தில் தொடங்கியவள் போன வருசம் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வே எழுதிவிட்டாள்.

தேர்வு அறை வாசலில் நின்ற வாத்தியார், "பிள்ளைய உள்ள விட்டுட்டு நீங்க வெளிய போயிருங்கம்மா" என்றாராம்.

"பிள்ளையே நாந்தான் சார்" என்றாளாம் இவள்.

மகள் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கணக்கில் நாற்பத்தொன்று. சான்றிதழ் மகள் வீட்டு பீரோவில் சேலைக்கு அடியில் இருக்கிறது. பாங்கிலும் கைநாட்டை மாற்றிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"அண்ணனுக்குச் சொல்லுவோமே ஆத்தா" என்று நாகஜோதி ஒருநாள் கேட்டாள்.

"எதுக்கு? ஒங்கய்யா செத்த பதினாறாம் நாளு, வாரிசுச் சர்டிபிகேட்டுன்னு சொல்லி என் வெரலப் புடிச்சு அமுக்குனானுக. கம்மாய்க்குக் கீழ இருந்த நெலம் போச்சு. எனக்கு எழுதத் தெரியும்னு தெரிஞ்சா அடுத்த தடவ வேற வழி பாப்பானுக. தெரியாமலே இருக்கட்டும். இதே வழிதான்னு நம்பி வருவானுகள்ல? வரட்டும். இனிமே எவனும் இந்த வெரலத் தொட்டுப் பாக்கட்டும்."

அந்த விரல்களின் கட்டைத்தான் இப்போது விஜயபாண்டி அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆத்தா எட்டாவது பாஸ் என்று சொன்னால் தரகர் ஓடிவிடுவார். ஆனால் இவன்கள்? கையெழுத்து எப்படி இருக்கும் என்று தேடிப் பிடித்து, வேறொரு தாளில் அதே மாதிரி போட்டுவிடுவான்கள். சொல்லாமல் இருந்தால் இந்தக் கைநாட்டு செல்லாது, கரிசல் தப்பும். ஆனால் ஆத்தாவின் விரலைத் தொடவிட வேண்டும்.

நாகஜோதி வாயை மூடிக்கொண்டாள்.

"காஞ்சு கெடக்குண்ணே" என்று மொக்கையன் மைப்பெட்டியை விரலால் அழுத்திப் பார்த்தான்.

"தண்ணியத் தொட்டு வையி."

"வெளிய போகணும்ல?"

"அப்ப எச்சியத் துப்பு."

மொக்கையன் மைப்பெட்டிக்குள் துப்பினான். வாயில் புகையிலை இருந்திருக்கும் போல. மையின் மேல் காவி நிறத்தில் நுரைத்தது. அதைத் தன் விரலாலேயே தேய்த்துக் கலக்கினான். தரகர் பத்திரத்தை நீட்டிக்கொண்டு, "நசநசன்னு வைக்காதீங்கப்பா, ரேகை தெரியணும்" என்றார்.

குளிர்ப்பெட்டியில் கிடந்த கை விறைத்து மடங்கியிருந்தது. விஜயபாண்டி இழுத்துப் பார்த்தான், வரவில்லை. பலமாக இழுத்தான். மாரிக்கனியின் தோள் தூக்கி, தலை ஒருபக்கம் சாய்ந்து, நெற்றியில் ஒட்டியிருந்த காசு கழன்று பெட்டிக்குள் விழுந்தது.

"ஒடிச்சிராதண்ணே!" என்றாள் நாகஜோதி.

"அப்ப நீயே புடி. ஒனக்குத்தான ஆத்தா மேல பாசம் சாஸ்தி."

அவள் பிடித்தாள். ஐஸ்கட்டி மாதிரி இருந்த அந்த விரலைத் தன் உள்ளங்கையில் வைத்து மெல்ல நிமிர்த்தினாள். மைப்பெட்டியில் வைத்தது அவள். தாளில் வைத்து அழுத்தியதும் அவள்தான். ரேகை ஒன்றுகூடப் பிசகாமல் விழுந்தது. தாளை எடுத்ததும் மை காயாத விரல் அவள் உள்ளங்கையில் போய்ப் பதிந்தது.

"அம்சமா விழுந்திருக்கு" என்றார் தரகர்.

மொக்கையன் தாயின் விரலைத் தன் துண்டால் துடைத்துவிட்டு, அதே துண்டால் முகத்தையும் துடைத்துக்கொண்டான். நாகஜோதி பெருவிரல்களைச் சேர்த்துத் திரும்பக் கட்டினாள். காசைத் தேடியெடுத்து நெற்றியில் வைத்தாள். மூடியைப் போட்டு, கதவைத் திறந்ததுதான் தாமதம், விஜயபாண்டி வாசற்படியில் விழுந்து, "என்னயப் பெத்தவளே, என்னய அனாதையாக்கிட்டுப் போயிட்டியே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டான். அடிக்கும்போது பத்திரம் இருந்த பையை விட்டுவிட்டு மற்றப் பக்கம் அடித்தான்.

"மூத்த பிள்ளைக்கு எம்புட்டு உருக்கம் பாரு" என்றாள் ஒருத்தி, டீ கப்பைக் கீழே வைத்துவிட்டு.

பதினோரு மணி பஸ்ஸில் ரஹ்மத் நிஷா வந்தாள். அருப்புக்கோட்டையில் தையல் வேலை பார்க்கிறவள். வகுப்பில் மூன்று வருசம் மாரிக்கனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள். இங்கே அவளை யாருக்கும் தெரியாது. புர்காவின் தலைத்துணி சரியச் சரிய, பந்தலுக்குள் நுழைந்து நேரே பெட்டியைக் கட்டிக்கொண்டாள்.

"அடியே மாரி! எந்திரிடி! கணக்குல நான் பெயிலாப் போயிட்டேன்னு அழுதப்ப, 'விடுடி நிஷா, அடுத்த தடவ எழுதி வாங்கு. நானும் காத்திருக்கேன், ரெண்டு பேருஞ் சேந்து பத்தாவதுக்குப் பணம் கட்டுவோம்'னியே. நான் பாஸாகிட்டேன்டி, முந்தாநாளுதான் ரிசல்ட்டு வந்துச்சு! ஒங்கிட்டச் சொல்ல இன்னைக்கி வரலாம்னு இருந்தேனே, எட்டாவது பாஸ் பண்ணுன மகராசி, இப்பிடிப் படுத்துக்கிட்டியே!"

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எட்டாவதா? யாரு, நம்ம மாரிக்கனியா?" என்றார் ஒரு பெரியவர்.

"ஆமாங்க. பாங்குல அவ கையெழுத்துப் போட்டப்ப நாந்தான் பக்கத்துல நின்னேன். அச்சுல வார்த்தது மாதிரி போடுவா."

தரகர் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தார். விஜயபாண்டியைப் பார்த்து, "பஸ்ஸு போர்டு படிக்கத் தெரியாதுன்னியே?" என்றார். பதிலுக்கு அவர் நிற்கவில்லை. பைக்கைத் திருப்பி, யார் மாலையோ கிடந்ததை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவரும் நீர்மாலை எடுக்கக் கொட்டுக்காரர்கள் கிளம்பினார்கள். கொள்ளி வைக்க வேண்டியவனைக் காணோம். வீட்டுக்குப் பின்னால் நாகஜோதியை மறித்துக்கொண்டு அவன் நின்றான்.

"ஒனக்குத் தெரியுமா?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நகரப் பார்த்தாள்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் வெரலப் புடிச்சுக் குடுத்திருக்க. சரி, போகட்டும். நாம ஒரு வயித்துப் பிள்ளைக, கோவப்படல." குரலைத் தணித்தான். வேர்வை மூக்கு நுனியில் தொங்கியது. "அந்தக் கையெழுத்து எப்பிடி இருக்கும்? ஒங்கிட்ட ஏதாச்சும் தாளு இருக்கும்ல? ஒரு வாட்டி போட்டுக் காட்டு. ஒனக்கும் பங்கு உண்டு தாயி."

நாகஜோதி அவனை மேலும் கீழும் பார்த்தாள். இடுப்பில் ஈரத் துண்டு, தோளில் புது வேட்டி. நெற்றியில் பட்டையாகத் திருநீறு.

"ஆத்தா கையெழுத்து ஆத்தாவுக்குத்தான் தெரியும். உள்ளதான் படுத்திருக்கு, போயிக் கேளு."

"ஏலே பாண்டி! எங்கடா போயிட்ட? கொட்டு போயிருச்சு!" என்று முன்வாசலிலிருந்து கூப்பிட்டார்கள். காறித் துப்பிவிட்டு அவன் போனான்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். வெடிச்சத்தம் ஊரைத் தாண்டிக் கண்மாய்க்கரை வரைக்கும் கேட்டு, அப்புறம் நின்றது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டு ஒவ்வொருத்தியாகக் குளிக்கப் போனார்கள். நாகஜோதி தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலது கையைப் புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ரஹ்மத் நிஷா பஸ்ஸுக்குப் போகாமல் செம்பால் தண்ணீர் மொண்டு ஊற்றினாள்.

"அது என்ன மை?"

நாகஜோதி தேய்ப்பதை நிறுத்தவில்லை. ரஹ்மத் நிஷா குனிந்து பார்த்தாள். வலது உள்ளங்கையின் நடுவில், ஒரு பெருவிரல் அகலத்துக்கு, நீலமாக இருந்தது. ஊற்றிக்கொண்டிருந்த செம்பு அப்படியே நின்றது.

"ஊத்துங்க நிஷாம்மா."

அவள் ஊற்றினாள். செம்பு காலியான பிறகும் நாகஜோதி கையை நீட்டியபடியே இருந்தாள்.