அத்தானின் இண்டிகேட்டர் பாட்டு

பத்திரிகை ஆபீசில் அவளை மேடம் என்பார்கள். வீட்டில் கடைசிப் பெண் என்பதால் குட்டி. ஞாயிறு இணைப்பின் பின்பக்கத்தில் 'காது கொடுங்கள்' என்று ஒரு பத்தி வருமே, அதை எழுதுகிறவள் அவள்தான். புதிதாக வந்த பாப் பாட்டுகள், எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல் படுக்கையறையில் பாடிப் பதிந்து தாங்களே வெளியிடும் பையன்கள், பெண்கள் என்று எல்லாவற்றையும் சலித்து, இந்த வாரம் இவற்றைக் கேளுங்கள் என்று சொல்வது அவள் வேலை. அந்தப் பத்தியில் பெயர் வந்துவிட்டால் ஒரு புதுப் பாடகருக்குப் பொழுது விடிந்தது என்று அர்த்தம். வராதவர்கள் அவளைக் கரித்துக் கொட்டினார்கள். அதுவும் ஒரு மரியாதைதான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

பாட்டுகள் மலை மாதிரி வந்து குவியும். எல்லாவற்றையும் முழுசாகக் கேட்க ஒரு பிறவி போதாது. ஆரம்பத்தில் கொஞ்சம், நடுவில் ஒரு தாவல், அவ்வளவுதான். அதற்குள் அவளுக்குச் சொற்கள் வந்துவிடும். ஜலதோஷத்தோடு பாடியிருந்தால் 'உடைந்த குரலின் நேர்மை'. சுருதி விலகினால் 'சுருதியோடு நடத்தும் பேச்சுவார்த்தை'. ஒன்றுமே புரியாவிட்டால் 'நகரத் தனிமை'. இந்த நகரத் தனிமையை மட்டும் மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் எடுப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள்.

தெரிந்தவர், வேண்டியவர் என்று எவரையும் சிபாரிசு செய்ததில்லை என்பதில் அவளுக்குத் தனிப் பெருமை. ஆசிரியருக்கு வேண்டியவர்கள் சிலர் அவ்வப்போது பத்தியில் எட்டிப் பார்த்ததுண்டு. அதை அவள் சிபாரிசுக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது நிர்வாகம்.

இப்படி இருக்கையில்தான் ஒரு நாள் அக்கா போன் செய்து, அத்தான் ஒரு பாட்டுப் போட்டிருக்கிறார் என்றாள்.

அத்தான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க, பக்கத்து சீட்டில் காலடியில் இன்னொரு பிரேக்கோடு உட்கார்ந்தே தலை நரைத்தவர். மாணவர்கள் அவருக்கு வைத்த பேர் ரெண்டாம் பிரேக். வீட்டில் யாராவது வேகமாகப் பேசினால்கூட அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். பேச்சு என்று பார்த்தால் கண்ணாடியைப் பாருங்க, கிளட்சை விடுங்க, இதற்கு மேல் அவரிடமிருந்து பெயராது. அந்த மனுஷன் பாட்டா என்று குட்டிக்குச் சிரிப்பு வந்தது. பத்தியில் இரண்டு வரி எழுதிவிடு என்றாள் அக்கா. சாயங்காலம் அம்மாவும் அதையே சொன்னாள். சொந்த மனுஷனுக்கு உதவாத எழுத்து என்ன எழுத்து என்றும் கேட்டாள். அத்தான் மட்டும் எதுவும் கேட்கவில்லை. பாட்டை அனுப்பி, கீழே ஒரு வரி போட்டிருந்தார். 'கேட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லு குட்டி.'

அவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, ஆரம்பத்தைக் கொஞ்சம் கேட்டு 'அருமை' என்று அனுப்பிவிடலாம் என்றுதான் போனைத் தட்டினாள்.

டிக், டிக் என்று காரின் இண்டிகேட்டர் சத்தம். அதுதான் தாளம். கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் காருக்குள்ளேயே பதிந்திருக்கிறார் போலும், குரல் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேசுவது போல் இருந்தது. பின்சீட்டிலிருந்து யாரோ ஒரு சின்னக் கீபோர்டை வாசிக்கிறார்கள். லைசென்ஸ் டெஸ்டில் தோற்றுக்கொண்டே இருந்த ஒரு பல் டாக்டர் அது என்று பிற்பாடு தெரிந்தது. அத்தான் பாடினார்:

திரும்பும் முன்னே சொல்லிவிட்டுத் திரும்பு,
சொல்லாமல் போனவர் யாரும் திரும்பவே இல்லை.

அவ்வளவு நாள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊரார் பிழையையெல்லாம் காலால் தாங்கிய மனுஷன், யாரையும் குறை சொல்லாமல், சத்தம் உயர்த்தாமல் பாடிக்கொண்டு போனார். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அவள் கேட்டு முடித்துவிட்டுத்தான் அடுப்பை அணைத்தாள். துடைக்கும்போது இன்னொரு முறை போட்டாள்.

நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் தொல்லையே இல்லை. நன்றாக இருந்ததுதான் வினையாகப் போயிற்று. எழுதினால் அத்தானைத் தூக்கிவிட்டாள் என்று நாலு பேர் பேசுவார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது காரணமாகத்தான் பட்டது, ஆனால் அடியில் வேறொன்று உறுத்தியது. அவள் வாராவாரம் சிபாரிசு செய்த ஒரு பாட்டைக்கூட அத்தான் கேட்டவரில்லை. இசை என்றால் என்ன என்று அவள் எழுதிய ஒரு வரியையும் படித்தவரில்லை. அதெல்லாம் இல்லாமலேயே ஒரு மனுஷனுக்கு இப்படி ஒரு பாட்டு வந்துவிடும் என்றால், தான் இத்தனை ஞாயிற்றுக்கிழமையாக யாருக்கு வழி காட்டிக்கொண்டிருந்தோம்? அந்தக் கேள்வியோடு அவளால் உட்கார முடியவில்லை. 'நல்ல முயற்சி அத்தான்' என்று எழுதி அனுப்பினாள். அவளுடைய தொழிலில் இதைவிடக் கேவலமாக ஒருவரைத் திட்ட வார்த்தை கிடையாது. அத்தானுக்கு அது தெரியாது. கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினார்.

அந்த வாரம் 'காது கொடுங்கள்' பத்தியில் முதலிடம், எஸ்கலேட்டர் இரைச்சலுக்கு மேல் முணுமுணுத்த ஒரு பையனுக்குக் கிடைத்தது. 'இயந்திரம் பாடும் தாலாட்டு' என்று எழுதியிருந்தாள்.

கொஞ்ச நாள் கழித்து அத்தானின் பாட்டு தொப்பியின் கையில் சிக்கியது. தொப்பி என்பவன் வீடியோவில் பாட்டு விமர்சனம் செய்கிறவன். குளித்தாலும் தொப்பியைக் கழற்றுவானா என்று சந்தேகப்படும்படியான ஆள். அவனுக்குச் சொற்கள் கிடையாது. நல்ல பாட்டு என்றால் அழுவான், மோசம் என்றால் கொட்டாவி விடுவான். அத்தான் பாட்டைக் கேட்டு மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதான். அவன் அழுதால் ஊர் அழும். ஒரே வாரத்தில் பாட்டு எங்கே பார்த்தாலும் ஒலித்தது. வங்கிக்குப் போன் செய்தால் காத்திருக்கச் சொல்லி அதைப் போட்டார்கள். சிக்னலில் நிற்கிற கார்களில் இண்டிகேட்டரைத் தட்டிவிட்டுக் கூடவே பாடினார்கள். எவன் எந்தப் பக்கம் திரும்பப் போகிறான் என்று தெரியாமல் போக்குவரத்துப் போலீஸ்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

ஆபீசில் ஆசிரியர் அவளைக் கூப்பிட்டு, இது எப்படி நம் காதில் விழாமல் போயிற்று என்று கேட்டார். பாட்டில் அடர்த்தி போதாது என்று அவள் ஏதோ சொல்லிச் சமாளித்தாள். மறுநாள் தொப்பி ஒரு குடும்பப் படத்தை வெளியிட்டான். நடுவில் அத்தான், பக்கத்தில் அக்கா, ஓரத்தில் கையில் தட்டோடு வாய் நிறைய எதையோ மென்றுகொண்டிருந்தவள் குட்டி. அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஆசிரியருக்கோ வாயெல்லாம் பல். அத்தானின் முதல் பேட்டி நமக்குத்தான், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவுக்குப் போன் செய்தாள். அத்தான் தொப்பித் தம்பிக்கு வாக்குக் கொடுத்துவிட்டார் என்றாள் அக்கா. சொந்தக்காரருக்காக எழுதினாள் என்று பேர் வந்துவிடக் கூடாதே என்றுதான் அப்போது எழுதவில்லை என்று குட்டி இழுத்தாள்.

"அந்த எஸ்கலேட்டர் பையன் உங்க ஆசிரியரோட தங்கச்சி மகன்தானே?" என்றாள் அக்கா நிதானமாக. "அவங்க வீட்டு டிரைவருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுத்ததே உங்க அத்தான்தான். எங்களுக்கு எல்லாம் தெரியும் குட்டி. நீ நல்ல முயற்சின்னு எழுதினியே, அந்த முயற்சிய இப்ப நீ பண்ணிப் பாரு."

பேட்டி தொப்பிக்கே போயிற்று.

அதற்குப் பிறகு ஒரு பெரிய இசைக் கம்பெனி அத்தானை வளைத்துப் போட்டது. காரில் உட்கார்ந்திருந்த மனுஷனை ஸ்டூடியோவில் கொண்டுபோய் நிறுத்தி, ஒரு படை ஊதுகுழல்காரர்களை அழைத்து வந்து, பளபளவென்று ஒரு சட்டையை மாட்டிவிட்டு, இரண்டாவது பாட்டை வாங்கினார்கள். 'முழு வேகம்' என்று பேர். வாழ்நாளில் நாற்பதைத் தாண்டி முள் நகர்ந்தாலே வியர்த்துப் போகிறவர், காற்றைக் கிழிப்பேன் சாலையை எரிப்பேன் என்று அதில் முழங்கினார். முழங்கினார் என்பதுகூட அதிகம். ஊதுகுழல்களுக்கு நடுவில் வழி தவறிய பிள்ளை மாதிரி அவர் குரல் அங்கங்கே கேட்டது.

குட்டி ஆரம்பத்தில் கொஞ்சம் கேட்டாள், நடுவில் ஒரு தாவு தாவினாள். கடனை அடைக்க இதுதான் சமயம் என்று தோன்றியது. இப்போது சொந்தக்காரருக்காக எழுதினாள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஊரே கொண்டாடுகிறதே. முதலிடத்தில் போட்டு, மனசிலிருந்த முதல் பாட்டுக்கான பாராட்டையெல்லாம் எடுத்து இரண்டாவது பாட்டின் தலையில் கொட்டினாள். 'கட்டவிழ்ந்த ஆற்றல்' என்றாள், 'தயக்கத்தை உதறிய கலைஞன்' என்றாள். எழுதி முடித்தபோது அவளுக்கே கண் கலங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தானே போன் செய்தார். அவர் வாழ்க்கையில் அவளுக்கு நேரடியாகப் போன் செய்ததே அபூர்வம். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து, அதெல்லாம் எதற்கு அத்தான் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"குட்டி, இந்தப் பாட்டு நல்லா இல்லையே" என்றார் அவர். "எனக்கே பிடிக்கலை. உனக்கு நிஜமாவே பிடிச்சுதா?"

அவள் சொற்களைத் தேடினாள். பத்தி எழுதும்போது கூப்பிடாமலே வந்து நிற்கிற சொற்களில் ஒன்றுகூட வரவில்லை. கடைசியில், இல்லை என்றாள்.

"அப்ப மொத பாட்டு?"

"அது ரொம்ப நல்லா இருந்துச்சு அத்தான். நீங்க அனுப்பின அன்னைக்கே ரெண்டு தடவ கேட்டேன். பால் எல்லாம் பொங்கிப் போச்சு."

தரையில் அவருடைய வலது கால் அழுந்தியிருக்கும் என்று அவள் நினைத்தாள்.

"அத அன்னைக்கே எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். "பேப்பர்ல போடணும்னு உங்க அக்காதான் கேட்டா. நான் எப்படி இருக்குன்னுதானே கேட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் ஏதாவது சொல்லியிருப்பாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

'முழு வேகம்' படுத்துவிட்டது. தொப்பி அதைக் கேட்டுத் தாடை கழன்று விழுகிற மாதிரி கொட்டாவி விட்டான். 'காது கொடுங்கள்' பத்தியையும் வாசித்துக் காட்டி இன்னொரு கொட்டாவி விட்டான். இசைக் கம்பெனி அத்தான் போனை எடுப்பதை நிறுத்திக்கொண்டது, பளபளப்புச் சட்டையை மட்டும் மறக்காமல் ஆள் விட்டு வாங்கிக்கொண்டது. அக்கா எல்லார் மேலும் எரிந்து விழுந்தாள். டிரைவிங் ஸ்கூலில் மட்டும் கூட்டம் தாங்கவில்லை. பாதிப் பேர் அவர் பாடுவார் என்று பணம் கட்டிச் சேர்ந்தவர்கள். அவர் கண்ணாடியைப் பாருங்க, கிளட்சை விடுங்க என்றார். சிலர் அதையும் பதிந்து வெளியிட்டார்கள். அதற்கும் ரசிகர்கள் கிடைத்தார்கள்.

மழைக்காலம் முடியும் தறுவாயில் அத்தான் அவளை வரச் சொன்னார். வாசலில் நின்ற காரில் பின்கதவைத் திறந்துவிட்டார். புதிதாக ஒன்று செய்திருக்கிறார், இன்னும் யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு அவள் உட்கார்ந்தாள். பாட்டு வைப்பரின் தேய்ப்போடு தொடங்கியது. குட்டி போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கடைசி வரைக்கும் கேட்டாள்.

"மொத சரணம் உயிரையே உலுக்குது அத்தான்" என்றாள். "ரெண்டாவது சரணம் வேண்டாம், எடுத்துடுங்க. சொன்னதையே சொல்றீங்க."

"அதுதான் முக்கியமான சரணம்."

"உங்களுக்கு முக்கியம். கேக்கறவங்களுக்குத் தூக்கம் வரும்."

அத்தானுக்குச் சுருக்கென்றது, முகத்தில் தெரிந்தது. அந்தச் சரணத்தை எழுத ஒரு மாதம் ஆயிற்று, உனக்கு என்ன தெரியும் என்றார். எனக்குத் தெரியாது என்றால் எதற்குக் கூப்பிட்டீர்கள் என்றாள் அவள். அவர் குரலை உயர்த்தினார். அவரும் குரல் உயர்த்துவார் என்பது அவளுக்கு அன்றுதான் தெரியும். சத்தம் கேட்டு அக்கா வெளியே வந்து, கார் கண்ணாடியைத் தட்டி, சாப்பிட்டுவிட்டுச் சண்டை போடுங்கள் என்றாள். இருவரும் கண்ணாடியை இறக்கவில்லை. அத்தான் முணுமுணுத்துக்கொண்டே பாட்டை முதலிலிருந்து போட்டார், இரண்டாவது சரணம் வந்ததும் எங்கே தூக்கம் வருகிறது என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.