ரேகை தெளிவில்லை

தம்பியின் உயிர் போகும்போது அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: மனைவி, மகள், தங்கை, தங்கையின் கணவர். பிறகு பலர் தாங்களும் இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். இருக்கவில்லை. அண்ணனே இருபது நிமிடம் கழித்துத்தான் வந்தார். வீட்டில் எல்லாருக்கும் அவர் பெரியவர். அவர் உள்ளே நுழைந்தபோது தங்கை ஈரத்துணியால் தம்பியின் இடது கட்டை விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அது?"

தங்கை கையை நிறுத்தினாள். "மை அண்ணே. நாங்க பன்னெண்டு மணிக்கு வந்தப்பவே இருந்துச்சு. நான் ஒண்ணும் கேக்கல."

பெரியவர் தம்பியின் முகத்தைப் பார்க்கும் முன்பே விரலைப் பார்த்தார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் எழுத்தராக இருந்தவர். நகக்கண்ணில் கறுப்பு இன்னும் பளபளத்தது. காலையில் பூசியது. படுக்கையில் கிடப்பவனின் விரலில் மை எதற்கு ஏறும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அப்பா கட்டிய இந்த வீடு இரண்டு மகன்கள் பேரிலும் இருந்தது. தம்பியின் பாதியை யார் பேருக்கோ எழுதி வாங்கிவிட்டார்கள்.

தம்பி மனைவியிடம் கேட்டார். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி கணவனின் காலைப் பார்த்தாள்.

தங்கையின் கணவர் அவரை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். கேட்டதை ஒலிபரப்பாமல் இருக்க முடியாதவர் என்பதால் குடும்பத்தில் அவருக்கு ரேடியோ என்று பேர். "பொண்ணு உள்ள ஒரு பெட்டியக் கட்டிக்கிட்டு இருக்கா மச்சான். அப்பன் செத்த வீட்டுல யாராவது பெட்டி கட்டுவாங்களா?"

"இந்தப் பேச்சு வாசலைத் தாண்டக் கூடாது மாப்பிள்ளை."

"நான் ஏன் சொல்லப்போறேன்" என்றார் ரேடியோ. அதற்குள் அவர் இரண்டு பேருக்கு போன் செய்து முடித்திருந்தார்.

உள்ளறையில் மகள் தரையில் உட்கார்ந்து ஒரு தட்டையான அட்டைப்பெட்டிக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தைத்த புத்தகம் ஒன்று இருந்தது. ஓவியக் கல்லூரியில் முதுகலை படிக்கிறாள். ஆய்வேடு என்றால் எழுத்து மட்டும் இல்லையாம், பாதி படம், பாதி எழுத்து. தானே படைத்து, படைத்ததைத் தானே ஆராய வேண்டுமாம். இப்படி ஒரு படிப்பு இருக்கிறதா என்று அவர் போன வருடம் கேட்டு, தம்பி சிரித்திருந்தான்.

"இன்னிக்கு நாலு மணிக்குள்ள குடுக்கணும் பெரியப்பா" என்றாள். அழுத முகம், ஆனால் குரல் உடையவில்லை. "என்ன ஆனாலும் குடுத்துடணும்னு அப்பா சொன்னாரு."

"விரல்ல மை யார் பூசினது?"

"நான்தான்."

இப்படி ஒளிக்காமல் சொல்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அதனால் சந்தேகம் கூடத்தான் செய்தது. "ரேகைய எதுல வாங்கின?"

அவள் நாடாவை அவிழ்த்துப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

கெட்டியான வெள்ளைத் தாள்கள். அவர் முதல் தாளை எடுத்துப் பின்பக்கம் திருப்பினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார். எதுவும் எழுதியிருக்கவில்லை. நடுவில் ஒரு கட்டை விரல் அச்சு மட்டும். அச்சு என்றுகூடச் சொல்ல முடியாது. கரித்துண்டால் தேய்த்ததுபோல் ஒரு கறுப்புத் திட்டு.

அந்தத் திட்டை அவருக்குத் தெரியும்.

தம்பி டைல்ஸ் ஒட்டுகிறவன். இடதுகைக்காரன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சிமெண்ட் பாலை ஊற்றிக் கட்டை விரலால்தான் அழுத்தித் தேய்ப்பான். வீட்டை இருவர் பேருக்கும் பதிந்த அன்று, இவர் வேலை பார்த்த அதே அலுவலகத்தில், மூன்று முறை விரல் வைத்தும் இதே திட்டுதான் விழுந்தது. சக எழுத்தர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கையைக் கழுவிட்டு வரத் தெரியாதா உனக்கு?" என்று எல்லார் முன்னாலும் இவர் கேட்டார். தம்பி குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவிவிட்டு வந்தான். மறுபடியும் திட்டு. ஓரத்தில் சிவப்பு மையால் 'ரேகை தெளிவில்லை' என்று எழுதியது அவர் கைதான். இருவரும் ஒரே பஸ்ஸில் பேசாமல் வீடு வந்தார்கள். அதைப் பற்றிப் பிறகும் பேசியதில்லை.

"உடம்பு முடியாம வேலைக்குப் போறத நிறுத்தினாரில்ல பெரியப்பா, அன்னிலேர்ந்து வாரத்துக்கு ஒண்ணு எடுத்தேன். தேய்ச்சல் நின்னா தோல்ல கோடு திரும்ப வரும். அறுபத்தியொண்ணு இருக்கு."

அவர் தாள்களைப் புரட்டினார். கீழே பென்சிலில் தேதி, நேரம், அன்று அவன் சொன்ன வார்த்தை. ஒன்பதாவது தாளில்: 'பூனை மிதிச்ச மாதிரி இருக்கு.' இருபதுக்கு மேல் திட்டின் ஓரத்தில் முடிபோல இரண்டு கோடு. முப்பத்துநாலில்: 'அட, நானும் மனுஷன்தான்.' ஐம்பதுக்கு மேல் சுழி வந்துவிட்டது. வேலை நின்று, உடம்பு வற்ற வற்ற, விரல் மட்டும் தேறிக்கொண்டே வந்திருந்தது.

கடைசித் தாளை அவர் வெகுநேரம் வைத்திருந்தார். முதலில் எழுத்தராகத்தான் பார்த்தார். அடுத்தவன் விரலைப் பிடித்து ஒற்றினால் ஓரம் இழுபடும். இதில் இழுபடவில்லை. ஒவ்வொரு கோடும் தனித்தனியாக, குறுக்கே ஒரு பழைய வெட்டுத் தழும்போடு விழுந்திருந்தது. அதன் பிறகுதான் கீழே படித்தார். இன்றைய தேதி. காலை 11.20. 'இது நல்லா விழுந்திருக்கு. அண்ணன்கிட்ட காட்டு.'

கூடத்தில் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது.

"பென்சில்ல எழுதியிருக்க" என்றார் பெரியவர். "அழிஞ்சிடாதா?"

"தொடாம வச்சா அழியாது பெரியப்பா."

அவர் தாள்களை ஓரம் தட்டி அடுக்கினார். நாடாவைத் தானே கட்டினார், அலுவலகத்தில் கட்டு கட்டும் இரட்டை முடிச்சு. பெட்டியையும் புத்தகத்தையும் கூடத்துக்குத் தூக்கிவந்து ரேடியோவின் கையில் கொடுத்தார்.

"வண்டிய எடுங்க மாப்பிள்ளை. பிள்ளையக் கல்லூரிக்குக் கூட்டிட்டுப் போய், இதக் குடுத்துட்டு, கூடவே கூட்டிட்டு வாங்க. சாய்க்காமப் பிடிங்க."

ரேடியோ பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலுக்கு நடந்தார். தங்கை மண்ணெண்ணெயில் நனைத்த துணியோடு மறுபடி விரலைப் பிடித்திருந்தாள்.

"விடு" என்றார் பெரியவர். "மை இருக்கட்டும்."

பிறகு தம்பியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்து முகத்தைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் தெருவில் இரண்டு பேச்சு உலவியது. சாகக் கிடந்தவனிடம் பத்திரத்தில் ரேகை வாங்கிவிட்டார்கள் என்று ஒன்று. செத்த பிறகு விரலைப் பிடித்து ஒற்றினார்கள் என்று இன்னொன்று. இரண்டும் பொய். வாங்கியது வெறும் தாளில், பதினொன்று இருபதுக்கு. உயிர் போனது பன்னிரண்டே காலுக்கு. விரலை வைத்தது அவனேதான். ரேகை தெளிவாக இருந்தது.