அடுப்பின் மேல் எட்டுப் பூச்சு

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. பொய் என்னுடையது. பழைய இரும்பு அடுப்புகளைப் பற்றி எனக்குத் தெரியும் என்று அட்ராக்டா மல்வியிடம் சொல்லிவிட்டேன். ஒன்றும் தெரியாது. லீட்ரிம் என்ற இந்த ஐரிஷ் மாவட்டத்தில் இருபத்தாறு வருடமாகக் குடியிருக்கிறேன், அதுதான் என் ஒரே தகுதி. ஆனால் அவள் அடுத்த வீட்டுக்காரி, அறுபத்தெட்டு வயது, யாரிடமும் எந்த உதவியும் கேட்டுப் பழகாதவள். அவளே வாய்விட்டுக் கேட்டதும் தலையாட்டிவிட்டேன்.

"அடுப்பை வாங்கிட்டுப் போக ஸ்லைகோலேருந்து ஒருத்தன் வர்றான். யாரு செஞ்சது, எந்த வருஷம்னு கேக்குறான். நீதான் எழுதுறவளாச்சே, கண்டுபிடிச்சுச் சொல்லு."

"எழுதுறவளுக்கும் அடுப்புக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்ல. நீ சுட்ட ரொட்டியைத் தின்னவ நான், எனக்குத் தெரியாதா?"

2

முதலில் எழுதிய தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், பழைய வீடொன்றின் சமையலறையில்—"

வேண்டாம். லீட்ரிமில் மழை பெய்தது என்பது ஒரு செய்தியே இல்லை.

இரண்டாவது: "அட்ராக்டாவுக்கு நான்கு வயதாக இருந்தபோது அவள் அம்மா—"

இங்கே நிறுத்திவிட்டேன். இதுதான் சரியான தொடக்கம், ஆனால் அப்போது அவளிடம் அனுமதி கேட்டிருக்கவில்லை. இப்போது கேட்டாகிவிட்டது ("எழுதித் தொலை, உன் பாஷையில எவன் படிச்சு என்கிட்ட வந்து சொல்லப்போறான்"). ஆகவே வாக்கியத்தை முடிக்கிறேன். அவள் அம்மா ரோஸ் 1961 அக்டோபரில் இங்கிலாந்துக்குப் போனாள். திரும்பி வரவில்லை, ஒரு கடிதமும் போடவில்லை. அந்தக் குளிர்காலத்திலேயே அப்பாவின் தங்கை ஃபிலோ வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்து சேர்ந்தாள். கறார் பேர்வழி. பாராட்டி ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவள். அம்மாவின் நாற்காலியில் அவள் உட்கார்ந்ததை அட்ராக்டா இன்றுவரை மன்னிக்கவில்லை.

அம்மாவைப் பற்றி அவளிடம் இருப்பது ஒரே ஒரு நினைவு. அடுப்பின் கீழ் ஓவன் திறந்திருக்கிறது. ஒரு பெண் இவளைத் தூக்கி எதிரே உட்காரவைத்து, நனைந்த காலுறைகளை உருவிவிட்டு, இரண்டு பாதங்களையும் அந்த இதமான சூட்டுக்குள் வைக்கிறாள். பிறகு ஒவ்வொரு விரலாகத் தேய்த்துவிடுகிறாள். முகம் தெரியவில்லை, கைகள் மட்டும்தான்.

(குழந்தையை ஓவனுக்குள் வைப்பதா என்று பதற வேண்டாம். இந்தப் பக்கத்தில் அப்படி ஓவனில் காலைச் சூடாக்கிக்கொள்ளாத குழந்தையும் இல்லை, பிறந்து நடுங்கும்போது அதில் சூடேறாத ஆட்டுக்குட்டியும் இல்லை.)

இந்த அடுப்பு வருவதற்கு முன் அந்த வீட்டில் ஓவனே கிடையாது. சங்கிலியில் பானை தொங்கும் திறந்த அடுப்புதான். அப்படியென்றால் கணக்கு எளிது. 1961 அக்டோபருக்கு முன்னால் அடுப்பு வந்திருந்தால் அந்தக் கைகள் ரோஸுடையவை. பின்னால் வந்திருந்தால் இல்லை. ஸ்லைகோக்காரன் வெறும் சாக்கு. அறுபது வருடமாக அவள் தன் அம்மா என்று வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கைகளை மட்டுமே, அது அம்மாதானா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

3

செய்தவர் பெயர் பொறித்த தகடு நெருப்புக் கதவின் மேலே இருந்தது. ஆனால் எழுத்துகள் தெரியவில்லை, ஸ்டேஷன் பெயிண்ட் மூடியிருந்தது.

(ஸ்டேஷன் என்பது இங்கே வீட்டில் நடக்கும் பூசை. ஊரில் ஏழு வீடு, வருடத்துக்கு ஒரு வீடு. பாதிரியார் வருகிறார் என்றால் சுவர், கதவு, கோழிக்கூடு எல்லாவற்றுக்கும் பெயிண்ட். நகராமல் நிற்கும் எதுவும் தப்பாது. அடுப்புக்குச் சூடு தாங்கும் சில்வர் பெயிண்ட், பழைய பூச்சின் மேலேயே அடுத்த பூச்சு.)

தகட்டின் ஓரத்துப் பெயிண்டைப் பிளேடால் சரித்து வெட்டினேன். வெங்காயம் போலப் பூச்சுகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. பூதக்கண்ணாடி வைத்து எண்ணினோம். எட்டு.

"எங்க வீட்டு ஸ்டேஷன் கடைசியா ரெண்டாயிரத்து ஒம்பது. அப்புறம் பாதிரியாருக்கே பஞ்சம், கோயிலோட நிறுத்திட்டாங்க" என்றாள் அட்ராக்டா. விரல் மடக்கினாள். "ரெண்டாயிரத்து ரெண்டு, தொண்ணூத்தஞ்சு, எம்பத்தெட்டு, எம்பத்தொண்ணு, எழுபத்துநாலு, அறுபத்தேழு..."

எட்டாவது விரல் அறுபதில் விழுந்தது. 1960. ரோஸ் அப்போது வீட்டில் இருந்தாள்.

அட்ராக்டா கெட்டிலை அடுப்பில் வைத்தாள், தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டாள்.

நான் இங்கேயே கதையை முடித்திருக்கலாம். பூச்சுகளில் ஒன்று, மேலிருந்து ஆறாவது, பச்சையாக இருந்ததைக் கவனித்து அது என்னவென்று கேட்டேன். "அது ஏதோ ஒரு ஸ்டேஷன்" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. அல்லது, கதையாசிரியராக இல்லாமல் வெறும் அடுத்த வீட்டுக்காரியாக இருந்திருந்தால், அதோடு விட்டிருக்கத்தான் வேண்டும்.

4

முழுக்க விடவில்லை. அடுப்பின் படங்களை லோர்கன் டெவனிக்கு அனுப்பினேன். நாற்பது வருடம் அடுப்பு பொருத்தியவர், பழைய விலைப்பட்டியல்களைப் பத்திரமாக வைத்திருப்பவர். வியாழக்கிழமை பதில் வந்தது:

"பெயிண்டைப் பார்க்காதீர்கள், கீலைப் பாருங்கள். ஓவன் கதவுக்கு மூன்று கீல் வைத்து வார்த்தது 1963இல்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் எல்லாம் இரண்டு. நல்ல அடுப்பு. விற்க வேண்டாம் என்று சொல்லுங்கள்."

படத்தில் மூன்று கீல்கள் இருந்தன.

5

முடிவு அ: மின்னஞ்சலை அழித்துவிடுகிறேன். அட்ராக்டா தன் அம்மாவோடு சாகும்வரை நிம்மதியாக—

முடிவு ஆ: கதவு மட்டும் பிற்பாடு மாற்றியது என்று சொல்கிறேன். அவளும் நம்புகிறாள், ஏனென்றால் நம்ப—

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அட்ராக்டா என்னைவிட முட்டாளாக இருந்தாள். நிஜத்தில் அவள் அப்படி இல்லை. எனவே வெள்ளிக்கிழமை போய் மின்னஞ்சலைப் படித்துக் காட்டினேன்.

"அந்தப் பச்சை ஸ்டேஷனுக்கு அடிச்சதில்ல" என்றாள். "எழுபத்தெட்டுல அப்பாவோட அமெரிக்காக்காரச் சொந்தம் வந்தாங்க. அவங்களுக்குப் பச்சைன்னா உசுருன்னு அப்பா வீடு முழுக்கப் பச்சை அடிச்சார். அடுப்பு மூணு நாள் நாறுச்சு. அடிச்சதே நான்தான். அதைக் கழிச்சா கணக்கு அறுபத்தேழுலதான் நிக்குது."

"அப்ப, எண்ணும்போதே தெரியுமா?"

"எண்ணுறதுக்கு முன்னாடியே தெரியும்."

"அப்புறம் ஏன்டீ..."

"ஒரு பூச்சைக் கூட்டிக்கிட்டா அம்மா கிடைக்கிறா. நீயா இருந்தா கூட்டிக்க மாட்டியா?"

எனக்கும் ஓர் அம்மா இருந்தாள். அவளைப் பற்றி நான் எழுதியவற்றில் எத்தனை பூச்சு கூட்டியது என்று எனக்கே தெரியாது.

"அப்போ ஃபிலோதான்" என்றாள் அட்ராக்டா. "அறுபது வருஷமா ஏங்குனேனே, அது போனவளுக்காக இல்ல. அடுத்த ரூம்ல படுத்துக்கிட்டிருந்தவளுக்காக. தினமும் முறைச்சேன் அவளை. ஒரு நாள்கூட அவ சொல்லல, நான்தான்னு."

"நீ கேட்டியா?"

"கேக்கல."

6

ஃபிலோ உயிரோடு இருக்கிறாள். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும், கதை எழுதுகிறவர்களின் கெட்ட பழக்கம். தொண்ணூற்று நான்கு வயது, கேரிக்கில் ஒரு முதியோர் இல்லம், கண் மங்கல், காது பரவாயில்லை. அங்கே சேர்ந்து நான்கு வருடமாகிறது. அட்ராக்டா அவளைப் பார்க்கப் போனது ஒரே ஒரு முறை, சேர்க்கும்போது கையெழுத்துப் போட.

இன்று ஞாயிறு. பார்வை நேரம் இரண்டிலிருந்து நான்கு வரை. நாங்கள் இல்லத்தின் வாசலில் காருக்குள் இருக்கிறோம். நான் இதை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன், அதற்கு அவள் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

"எழுதுறதை நிறுத்து. உள்ள போய் என்ன சொல்லட்டும்? மன்னிச்சிடுன்னா? அவளுக்குப் பிடிக்காது, 'எதுக்கு இந்த நாடகம்'னு கேப்பா. சும்மா உக்காந்துட்டு வரவா? கண்ணு தெரியாதவ, யாரோ நர்ஸ்னு நெனைச்சுக்குவா."

"யோசிக்கிறேன்."

"உனக்கு இதுதான வேலை? முதல் வரி ஒண்ணு சொல்லு, போதும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

என்னிடம் இல்லை. இந்தக் கதைக்கு இரண்டு தொடக்கங்கள் எழுதிப் பார்த்தவளிடம், அட்ராக்டாவுக்குக் கொடுக்க ஒரு வரி இல்லை. அவள் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்க்கிறாள். மணி மூன்றே முக்கால்.

வாசகரே, உங்களுக்கும் அப்படி ஒருவர் அடுத்த அறையில் இருந்திருப்பார். முதல் வரியைச் சொல்லுங்கள். சீக்கிரம்.