கைப்பிடியில் காயாத சிவப்பு

பண்டமாரானில் சிவநேசன் வீட்டு வாசலில் நிற்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு முப்பத்திரண்டு வயது. ஜப்பானில் செய்தது. இரண்டே இருக்கை. விளக்கைப் போட்டால் தவளைக் கண் மாதிரி மேலே எழும்பும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் சிவநேசன் அதை ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வெளியே எடுப்பார். பாசார் சந்தை வரை ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போவார், ஐம்பதில் திரும்புவார். பின்னால் லோரிக்காரன் ஹாரன் அடித்தால் கையைக் காட்டி முன்னால் போகச் சொல்வார். வந்ததும் துடைத்து, துணி போர்த்தி, சாவியைச் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிடுவார். அதன் பிறகு அந்தக் காரை யாரும் தொடக் கூடாது. மனைவி தாமரையும் சேர்த்துத்தான்.

அப்படிப்பட்ட காரில் டிரைவர் பக்கத்துக் கதவின் கைப்பிடி, மூன்று வாரத்துக்கு முன்னால், சிவநேசன் இழுத்த இழுப்பில் கையோடு வந்துவிட்டது. பார்த்தால் அது அப்போது உடைந்ததில்லை. ஏற்கெனவே உடைந்ததை யாரோ பூப்போல எடுத்து இடத்தில் பொருத்தி வைத்திருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ. தாமரையின் அண்ணன் இராமலிங்கம்தான் என்று சிவநேசன் அந்த நிமிடமே முடிவு கட்டினார். முந்தின நாள்தான் செராஸிலிருந்து வந்து போயிருந்தார். நின்றிருக்கும் எந்தக் காரையும் கதவை இழுத்துப் பார்க்காமல் கடந்து போக முடியாத பிறவி அவர். போன் போட்டுக் கேட்டால், "தொடவே இல்ல லா மச்சான், சத்தியமா" என்றார். சத்தியம் என்று அவர் சொன்ன வேகமே சிவநேசனுக்குப் போதுமான சாட்சியாக இருந்தது.

"பாவம், அண்ணனப் போய்ச் சந்தேகப்படாதீங்க" என்று தாமரை மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு உடனே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

காப்பார் சாலையில், ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்துக் கொண்டுவரும் கார்களைப் பிரித்து விற்கும் 'ஹாஃப் கட்' கடைகளில் ஏறி இறங்கி, நான்காவது கடையில் அதே ரகக் காரின் கைப்பிடிகள் இரண்டைப் பிடித்தார் சிவநேசன். உடைந்தது ஒன்றுதான். ஆனாலும் ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் அவருக்குத் தூக்கம் வராது. கிடைத்தவை இரண்டும் கறுப்பு. காரின் சிவப்போ வெயிலில் வெளுத்து, எந்த நிற அட்டையிலும் இல்லாத ஒரு சிவப்பாகிப் போயிருந்தது. பெட்ரோல் மூடியைக் கழற்றிக்கொண்டு பெயிண்ட் கடைக்குப் போய், "இது மாதிரியே வேணும் பாஸ், கொஞ்சம்கூடப் பளிச்சுனு இருக்கக் கூடாது" என்று நின்றார். கடைக்காரர் நான்கு முறை கலக்கினார்.

சனிக்கிழமை முழுவதும் வேலை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பிரைமர் அடித்துக் காயவைத்தார். துணிக்கொடியில் கம்பி கட்டி இரண்டையும் தொங்கவிட்டு, மெல்லிசாக மூன்று கோட் சிவப்பும் அதற்கு மேல் பளபளப்புக்கு ஒரு கோட்டும் அடித்தார். அன்று துணி காயப்போடத் தாமரைக்கு அனுமதி கிடைக்கவில்லை. சாயங்காலம் கதவின் உள்பலகையைக் கழற்றி, இரண்டு நட்டையும் முடுக்கி, உள்ளே தொங்கும் கம்பியைக் கொக்கியில் மாட்டுவதற்குள் அவருடைய தடித்த விரல் மூன்று இடத்தில் சிராய்ந்தது. ஆனால் நிறம் அச்சு அசலாகப் பொருந்தியது. எட்டி நின்று பார்த்தார், கிட்ட வந்து பார்த்தார், குந்தி உட்கார்ந்தும் பார்த்தார்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு அந்தக் குறும்பு யோசனை வந்தது. மறுநாள் மதியம் இராமலிங்கம் சாப்பிட வருகிறார்.

ஞாயிறு காலை டிரைவர் பக்கத்துக் கைப்பிடியின் உட்புறத்தில், விரல் வளைந்து பிடிக்கும் இடத்தில், மாஸ்கிங் டேப்பை ஒட்டினார். அதன் மேல் வீட்டு கேட்டுக்கு அடித்து மீந்த சிவப்பு ஆயில் பெயிண்டைத் தாராளமாகத் தடவினார். அது காய ஒரு நாள் ஆகும். டேப்பை உரித்தால் புதுப் பெயிண்டுக்குச் சேதமில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தொட்டவன் கையும் களவுமாக மாட்டுவான். திருப்தியோடு தயிர் வாங்கக் கடைக்குக் கிளம்பினார்.

இராமலிங்கம் பன்னிரண்டரைக்கு வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினார். சிவநேசன் ஜன்னலோரம் பேப்பரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஆனால் வந்தவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, காரைக் கோயில் பிரகாரம் மாதிரி சுற்றி வந்து, நேராக வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்.

சிவநேசனுக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. "என்ன மச்சான், புது ஹேண்டல் போட்டிருக்கேன். ஒரு தடவ இழுத்துப் பாருங்களேன்."

"வேணாம் லா. அப்புறம் அதுக்கும் என் பேருதான் அடிபடும்."

"சும்மா பாருங்க, ஸ்மூத்தா இருக்கு."

"நீங்களே இழுத்துக்குங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு இராமலிங்கம் கை கழுவப் போனார். கழுவும் முன்பே கை வெள்ளையாகத்தான் இருந்தது.

சாப்பாட்டு மேசையில் தாமரை வலது கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பரிமாறினாள். சாதத்துக்கும் துண்டு, ரசத்துக்கும் துண்டு. சிவநேசன் முதலில் கவனிக்கவில்லை. தண்ணீர் எடுக்க எழுந்து போனவர், ஐஸ்பெட்டியின் வெள்ளைக் கதவில் நான்கு சிவப்பு விரல் அடையாளங்களைப் பார்த்து அப்படியே நின்றார். திரும்பி வந்து மெதுவாக உட்கார்ந்தார்.

"தாமரை, தயிர் கொண்டா."

கொண்டுவந்தாள், துண்டோடு.

"தயிர் என்ன, சுடுதா?"

இராமலிங்கம் அப்பளத்தை வாய்க்குக் கொண்டுபோன கையோடு தங்கையைப் பார்த்தார்.

"கையில என்ன?"

"மருதாணி."

"உள்ளங்கையில இல்லாம நாலு விரல்ல மட்டுமா வச்ச?"

தாமரை துண்டை உருவி மேசை மேல் போட்டாள். விரல் நுனிகள் குங்குமக் கிண்ணத்தில் முக்கியெடுத்த மாதிரி இருந்தன. "நீங்க தயிர் வாங்கப் போனப்ப ஒரு தடவ இழுத்துப் பார்த்தேன். புதுசு எப்படி இருக்குன்னு கை அரிச்சுது. போதுமா? மனுஷன் வீட்டுல யாராச்சும் பொறி வைப்பாங்களா? அரைமணி நேரம் சோப்புப் போட்டுத் தேய்ச்சிருக்கேன்!"

"கார் ஹேண்டல் எப்படி இருந்தா உனக்கு என்ன?"

அவள் ஒரு நிமிடம் அண்ணனைப் பார்த்தாள், ஒரு நிமிடம் சாமி படத்துப் பக்கத்து ஆணியைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வேலைக்குப் போகும் நாட்களில் அவள் காரை எடுக்கிறாள். நான்கு மாதமாக எடுக்கிறாள். மூன்று வாரத்துக்கு முன்னால் மழை பிடித்துக்கொள்ள, அவசரத்தில் இழுத்ததில் கைப்பிடி வந்துவிட்டது. "பயந்துட்டேங்க. டபுள் சைட் டேப் போட்டு ஒட்டி வச்சேன். மறுநாள் அண்ணன் வந்துச்சு. நீங்களா அண்ணன்தான்னு முடிவு பண்ணிட்டீங்க, நானும் விட்டுட்டேன்."

இராமலிங்கத்தின் முகம் மலர்ந்தது. இலையை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேட்டீங்களா மச்சான்? மூணு வாரமா என்னைத் திருடன் மாதிரி பார்த்தீங்க. இப்ப என்ன சொல்றீங்க?"

சிவநேசன் எழுந்து நின்றார். வேறு வழியில்லை. "தப்புதான் மச்சான். மன்னிச்சிருங்க."

"பரவால்ல, பரவால்ல. ஆனா டேப்பா அது?" இராமலிங்கம் தங்கையின் பக்கம் திரும்பினார். "நான் சுயிங்கம்னு நினைச்சேன். ஹேண்டல் கையில வந்ததும் அதே மாதிரி அழுத்தி வச்சுட்டு…"

இருவரும் அவரையே பார்த்தார்கள். தான் என்ன சொன்னோம் என்பது இராமலிங்கத்துக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. அப்பளத்தை எடுத்து வாயில் போட்டு, தேவைக்கு அதிகமாகச் சத்தமாய்க் கடித்தார்.

முதலில் சிரித்தது தாமரை. பிறகு சிவநேசனுக்கும் பொறுக்கவில்லை. நின்றபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நான் கேட்ட மன்னிப்பத் திருப்பிக் கொடுங்க மச்சான்!" என்றார்.

சாப்பாடு முடிந்து இராமலிங்கம் சோபாவில் குறட்டை விடத் தொடங்கியதும், சிவநேசன் கைப்பிடியில் ஒட்டிய டேப்பை உரித்துப் போட்டுவிட்டு வந்து, சாவியை எடுத்து மனைவியிடம் நீட்டினார். "எங்க போவேன்னு காட்டு."

கேரி தீவுக்குப் போகும் சாலையில் ஏறியதும் அவருக்கு இன்னொரு தாமரை தெரிந்தாள். இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் பின்னால் ஓட, அவள் கியரை மாற்றிய லாவகத்தில் கார் உறுமிக்கொண்டு பாய்ந்தது. இந்தக் காருக்கு இப்படி ஒரு குரல் இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். "மெதுவா" என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்ல மறந்துபோனார்.

பாலம் தாண்டி, ஐஸும் தேங்காய்ப்பாலும் கலந்து தரும் ஒரு செண்டோல் கடை முன்னால் நிறுத்தினாள். கடைக்காரர் கண்ணாடிக் கிண்ணத்தைத் துடைத்தபடி சிரித்தார். "வாங்க அக்கா! எப்பவும் போல பயறு எக்ஸ்ட்ராவா?" பிறகு குனிந்து பக்கத்து இருக்கையைப் பார்த்தார். "இன்னிக்கு ஆள் கூட்டிட்டு வந்திருக்கீங்க. இவருதான் உங்க மெக்கானிக்கா?"

தாமரை வாயைப் பொத்திக்கொண்டாள். சிவநேசன் தன் சிராய்ந்த விரல்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"ஆமா பாஸ்" என்றார். "எனக்கும் எக்ஸ்ட்ரா போடுங்க. காசு மேடம் தருவாங்க."